மக்ரூனா

கடந்த வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பின்னர் குடும்பத்தோடு கடைக்குச் சாப்பிடப் போயிருந்தோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். என் சிறுபராயத்தில் கிண்ணியாவில் கடைச் சாப்பாடு என்பது, ஆண்கள் வாங்கில் அமர்ந்து ரொட்டியும் சம்பலும் தின்று, பிளேன்டீ குடித்துவிட்டு எழும்புவதுதான். பெண்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. திருகோணமலைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்றால், ‘பாதை’யில் ஏறி நீரைக் கடக்கவேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையையே நாங்கள் பாதை என்போம்.) 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்ட பிறகு பாதையும் போயிற்று. மாலையானால் பாலத்தில் காற்று வாங்க வரும் கூட்டத்தை நம்பிச் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்தன.

நாங்கள் போன கடை பெரிதொன்றுமல்ல. பிளாஸ்டிக் கதிரைகள், குடும்பத்தினருக்கென்று திரை தொங்கவிட்ட ஓர் அறை, ஒரு பக்கம் கொத்துரொட்டிச் சத்தம். ஒலுவில் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் மகளின் ஏற்பாடு அது. “மாமியையும் கூட்டிட்டுப் போவம் வாப்பா” என்று அவள் சொன்னதால் ராத்தாவும் வந்தார். ராத்தாவுக்கு 62 வயது. கடையொன்றில் அமர்ந்து அவர் சாப்பிட்டு நான் ஒருபோதும் கண்டதில்லை.

மகள் ‘பேக்ட் பாஸ்தா’ கேட்டாள். ஒரு தட்டு 950 ரூபாய். கோழிக் கொத்தை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அது இத்தாலியச் சாப்பாடு, இப்படித்தான் செய்வார்கள் என்று மாமிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அலுமினியத் தட்டில் ஆவி பறக்க வந்ததை ராத்தா சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது மக்ரூனா தானே, மகள்.”

பிறகு கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துவிட்டு, “வெள்ளைச் சோசுக்குச் சாதிக்காய் போடல்ல. மாவும் வேகல்ல” என்றார். மகள் வாயடைத்துப்போனாள். பட்டரில் மாவை நிறம் மாறாமல் வறுத்துப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், கிண்டும் கையை எடுக்கக்கூடாது, மக்ரோனியை முக்கால் பதத்தில் வடித்துவிடவேண்டும், மிச்ச அவியல் ‘ஒவனில்’தான் என்றெல்லாம் ராத்தா சொல்லிக்கொண்டு போனார். மக்ரோனி குழையாமல் நிற்பது அதற்குரிய கடினக் கோதுமையால். அந்தப் பக்கம் சீனக்குடாவில் 1980 முதல் இயங்கிவரும் பிறீமா ஆலையின் மாவில் நம் பாணும் ரொட்டியும் மெதுவாக வரும். மக்ரோனியின் சங்கதி வேறு. இது நான் வாசித்து அறிந்தது. ராத்தா கைப்பழக்கத்தில் அறிந்தவர்.

1987இல் ராத்தா குவைத்துக்குப் போனார். மச்சான் நோயில் விழுந்திருந்தார். இரண்டு வயது மகனை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் உயர்தரம் படித்ததும் ராத்தா அனுப்பிய பணத்தில்தான். மாதத்துக்கு ஒருமுறை ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். “நல்லாச் சாப்பிடுறன், ஒரு குறையுமில்ல” என்ற அந்தக் குரலை வீடே சுற்றியிருந்து கேட்கும். அவருடைய மகன் ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் போய் உம்மாவைத் தேடுவான்.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. ராத்தா பஸ்ராவும் பக்தாதும் கடந்து, ஜோர்தான் எல்லைக் கூடாரத்தில் கிடந்து, அம்மானிலிருந்து விமானமேறிக் கட்டுநாயக்காவில் இறங்கியபோது கையில் ஒரு துணிப்பை மட்டுமே இருந்தது. இங்கோ ஜூனிலிருந்து கிழக்கில் மீண்டும் யுத்தம். ஊருக்கு வர மேலும் பல வாரங்கள் பிடித்தன.

அக்காலத்தில் குவைத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு நட்டஈடு வழங்கியது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து, தனியாளுக்கு 2,500 டொலர். வேறு கோரிக்கை எதுவுமில்லை என்று ஒப்புக்கொண்டால் 4,000. இளம் நிருபராக இருந்த நான் அதைப் பற்றி எத்தனையோ செய்திகள் எழுதினேன். படிவங்களின் வகைகள்கூட இன்றும் மனப்பாடம். ஈராக் கடைசித் தவணையை 2022 ஜனவரியில்தான் கட்டி முடித்தது என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். என் சொந்த ராத்தாவிடம், அந்த வீட்டில் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் நான் கேட்டதில்லை.

மகள் தட்டின் நடுப்பகுதியை வெட்டி மாமிக்கு வைத்தாள். ராத்தா அதை மெல்ல ஒதுக்கிவிட்டு, அலுமினிய ஓரத்தில் ஒட்டிக் கருகியிருந்ததைச் சுரண்டி எடுத்தார்.

“அது கருகல் மாமி, நடுவுலதான் நல்லம்.”

“எனக்கு ஓரம்தான் பழக்கம்.”

பிறகு நான் கேட்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாமதித்த கேள்வி. வெள்ளிக்கிழமைகளில் அந்த வீட்டில் மக்ரூனா. ஐந்து பிள்ளைகள். அவர்கள் தின்று முடிந்து தட்டு கழுவ வரும்போது ஓரத்தில் பிடித்திருப்பதைக் குசினியில் நின்றபடியே சுரண்டித் தின்பாராம். “கெட்ட ஆக்களில்ல, தம்பி. அடிச்சதுமில்ல, ஏசினதுமில்ல. எனக்கும் ஒரு துண்டு வைக்கணும் எண்டு அவங்களுக்குத் தோணல்ல, அவ்வளவுதான். கடைசிப் பிள்ளைக்கு ரெண்டு வயசு. அதுக்கு ஊட்டுறப்ப மட்டும் எனக்கு இறங்காது.”

ஒலிநாடாவில் அப்படிப் பேசினீர்களே என்றேன். “பின்ன, உம்மா கேட்டுக்கிட்டு இருப்பாவே” என்றார்.

சஹனில் ஆறு பேர் கைபோட்டுத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். தனித்தனித் தட்டுகள் எங்களுக்கு இன்னமும் சரிவருவதில்லை. மகள் மூன்று தட்டுகளையும் மேசை நடுவே தள்ளிச் சேர்த்துவிட்டு, கரண்டியை வைத்துவிட்டுக் கையால் தின்னத் தொடங்கினாள். ராத்தாவும் கரண்டியை வைத்தார். என் மனைவி எதுவும் பேசாமல் ஓரங்களையெல்லாம் சுரண்டி என் பக்கம் போட்டார். தின்றேன். கசப்பாகத்தான் இருந்தது.

பணம் கட்ட ராத்தா என்னை விடவில்லை. திரும்பும் வழியில் கடையொன்றில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லிச் சாதிக்காய் இரண்டு வாங்கினார். வீட்டில் ‘ஒவன்’ இல்லையே என்று மகள் கேட்டதற்கு, மூடியில் தணல் போட்டு எடுக்கலாம், வாற வெள்ளிக்கிழமை எல்லோரும் வந்துவிடுங்கள் என்றார். கட்டாரில் வேலை செய்யும் மகனுக்கும் அன்றிரவே தொலைபேசியில் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவன் அங்கே தானே சமைத்துச் சாப்பிடுகிறான்.