புதிய இடுப்போடு ஊருக்குப் போகும் வழி



இடுப்பு மூட்டில் அறுவை செய்துகொண்ட ஒருவரைக் குறித்து விசாரிக்கும்போது, "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?" என்றே நாம் கேட்கிறோம். அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும் காரியம். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து சொந்த ஊர் வீட்டுத் திண்ணைவரை உள்ள தூரமோ, தாராவியில் வாழும் நம்மவருக்கு ஏறத்தாழ மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தையும், அதில் கடந்துபோக வேண்டிய படிகளையும் பாலங்களையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இடுப்பு அறுவைக்காகக் கடல் கடந்து செல்வோர் உண்டு. தொடை எலும்பின் தலையை முழுவதும் வெட்டி நீக்காமல், அதைச் செதுக்கி உலோகத் தொப்பி அணிவிக்கும் ஒரு முறை 1997-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உருவாயிற்று. அமெரிக்காவில் அதற்கு அரசு அனுமதி 2006-இல்தான் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அமெரிக்கர் பலர் சென்னைக்கு வந்து அந்த அறுவையைச் செய்துகொண்டார்கள். தையல் பிரித்து, நடை பழகி, தேறிய பின்னரே விமானம் ஏறினார்கள். நெடுநேரம் கால் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழத்திலுள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஊர் திரும்பும் நாளை அறுவையின் நாளுக்கு முன்பே தீர்மானிப்பது அவர்கள் வழக்கம். நம்மவருக்கோ மும்பையே அயல்தேசம். மருத்துவர் பேசுவது மராத்தி அல்லது இந்தி. ஊரோ இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் ரயிலில் போனால்தான் வரும். ஆனால் நாம் அப்படி முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. விழுந்த பிறகே யோசிக்கிறோம்.

எங்கள் சபையைச் சேர்ந்த மூத்த தாயார் ஒருவர் 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் விழுந்தார். எழுபதைக் கடந்தவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமகளாக வந்து, ஐம்பது ஆண்டுகளாகத் தாராவியில் இருப்பவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லை மாவட்டத்தார் இங்கு வந்து குடியேறினார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. அவர்கள் கட்டிய வீடுகள் நிலம் போதாமல் மேல்நோக்கி வளர்ந்தன. கீழே ஓர் அறை, அதன்மேல் இன்னோர் அறை. மேலறைக்குப் போவதற்குச் சந்திலேயே சுவரோடு சுவராக நிறுத்திய இரும்பு ஏணி. அதைப் படிக்கட்டு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். ஒரு கையில் தண்ணீர்க் குடத்தோடு அந்த ஏணியில் ஏறும் பெண்களை நான் வியப்போடு பார்த்ததுண்டு. அந்தத் தாயார் நாற்பது ஆண்டு ஏறி இறங்கிய ஏணி அது. விழுந்தது ஏணியிலன்று, பொதுக் கழிப்பறையிலிருந்து வரும் வழியில், ஈரக் கல்லில்.

தாராவிக்கு அருகே உள்ள பெரிய ஆஸ்பத்திரி சயான் ஆஸ்பத்திரி. இருப்பினும் இடையில் ரயில் பாதை ஓடுகிறது. அதன் குறுக்கே இருந்த, வெள்ளையர் காலத்துச் சயான் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டது. பாலம் இருந்தவரை சில நிமிடத்தில் கடந்த தூரத்தை அதன்பின் வாகனங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. கால் ஒருபுறம் திரும்பிக் குட்டையாகிவிட்ட நிலையில், பலகையொன்றில் படுக்கவைத்து நால்வர் சந்தைக் கடந்து தூக்கிவர, பிரதான சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்தவரைத் தோளில் சாய்த்து நடத்தி வரலாகாது. அந்த நால்வரும் அதை அறிந்திருந்தது நல்லதாயிற்று.

முறிந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தினார்கள். இடுப்பு மூட்டை முழுமையாக மாற்றும் இன்றைய அறுவைக்கு வழி திறந்தவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஜான் சார்ன்லி. அவர் முதலில் கிண்ணத்திற்கு டெஃப்லானைப் பயன்படுத்தினார். அது விரைவில் தேய்ந்துபோயிற்று. 1962-இல் கடினமான பாலிஎத்திலீனுக்கு மாறியபோதுதான் அறுவை நிலைத்தது. அதை இந்தியாவில் செய்த முன்னோடிகளில் ஒருவர் மும்பையின் டாக்டர் கே.டி. தோலாக்கியா. நம் தாயாருக்குக் கிண்ணம் மாற்றப்படவில்லை. பந்து மட்டுமே புதியது. ஆயினும் இரு வகையினருக்கும் விதி ஒன்றே. பந்தைச் சுற்றி அறுக்கப்பட்ட சதை ஆறும்வரை, இடுப்பைத் தொண்ணூறு பாகைக்குமேல் மடக்கினாலோ, காலைக் குறுக்கே போட்டாலோ, உள்நோக்கித் திருப்பினாலோ பந்து கிண்ணத்தை விட்டு வெளியே நழுவிவிடும். அப்படியானால் மீண்டும் ஆஸ்பத்திரி, மீண்டும் மயக்க மருந்து.

இந்த விதியை நம்முடைய வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிறவர்கள்; பாயில் படுக்கிறவர்கள்; குத்தவைத்துப் பாத்திரம் துலக்குகிறவர்கள்; கூட்டங்களில் மணிக்கணக்காகப் பாயில் உட்கார்ந்திருந்து, பின்பு முழங்காற்படியிடுகிறவர்கள். கழிப்பறையும் குத்தவைக்கும் கழிப்பறையே. மேல்நாட்டார் எழுதிய அறிவுரைத் தாள்களில் இவை ஒன்றுக்கும் விடை இல்லை. தாழ்ந்த சோபாவில் உட்காராதே என்று அவை எச்சரிக்கின்றன. சோபா யார் வீட்டில் இருக்கிறது?

அறுவையின் மறுநாளே பிசியோதெரபிஸ்ட் சகோதரி வந்து தாயாரை வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்தார். அவர் மராத்தியில் "ஹளூ ஹளூ" என்பார்; மெதுவாக, மெதுவாக என்று பொருள். ஐம்பது ஆண்டில் மராத்தி கற்காத தாயார் அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார். படி ஏறும் விதியைப் பேரன் தமிழாக்கிச் சொன்னான்: "ஆச்சி, ஏற நல்ல கால் முந்தி, இறங்க நொந்த கால் முந்தி." பின்னாளில் வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறும்போது கோலை நொந்த காலின் பக்கத்தில் அல்ல, எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். திரைப்படங்களில் பெரும்பாலும் தவறாகவே காட்டுகிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியதும் குடும்பத்தில் வாக்குவாதம் எழுந்தது. மகன், தாராவி வீட்டுக்கே கொண்டுபோகலாம், தூக்கி ஏற்றிவிடுவோம் என்றார். தாயாரோ நேராக ஊருக்கு ரயிலேற்றிவிடுங்கள் என்று பிடிவாதம் செய்தார்; "சாகிறதானாலும் ஊரிலே சாகிறேன்" என்றும் சொன்னார். செம்பூரில் லிஃப்ட் உள்ள கட்டிடத்தில் குடியிருக்கும் மகள், ஆறு வாரம் என்னிடம் இருக்கட்டும் என்றார். மருமகன் வீட்டில் தங்குவதா என்னும் கூச்சம் தாயாருக்கு. நானும் அங்கே இருந்தேன். தூக்கி ஏற்றலாம், ஆனால் கழிப்பறைக்கு ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி இறக்குவது? இந்தக் கேள்வியைப் பேரன் கேட்டதும் வாக்குவாதம் ஓய்ந்தது.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் 350 சதுர அடியைப் பற்றியே பேசுகிறார்கள். மேலறையில் குடியிருப்போருக்கு அதுவும் தாராவிக்குள் இல்லை என்பதே விதி. வயோதிகர் உள்ள வீட்டாருக்கு அடிக்கணக்கைவிட வேறொன்று முக்கியம்: கதவுக்குள்ளேயே ஒரு கழிப்பறை இருக்கிறதா என்பது.

செம்பூரில் ஆறு வாரம் கழிந்தது. பாய்க்குப் பதில் கட்டில், அதன்மேல் கெட்டி மெத்தை. புரண்டு படுக்கும்போது இரு தொடைகளுக்கும் நடுவே ஒரு தலையணை. மருந்துக் கடையில் வாங்கிய கமோடு நாற்காலி. தரையில் கிடந்த மிதியடியெல்லாம் சுருட்டி வைக்கப்பட்டது. இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து ஏறக்குறைய ஐந்து வாரம். வீட்டுக் கூட்டத்திற்கு வந்தவர்கள் பாயில் அமர, தாயார் மட்டும் உயரமான நாற்காலியில் அமர்ந்தார். எல்லாரும் முழங்காற்படியிட்டபோது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது அவரை மிகவும் வருத்திற்று. மூத்த ஊழியர் ஒருவர் மறு வாரம் வந்தபோது, தாமும் ஒரு நாற்காலியை இழுத்து அவர் அருகே போட்டு அமர்ந்துகொண்டார். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சயானுக்குப் பரிசோதனைக்கு வந்த ஒருநாளில், டாக்டர் நடக்கச் சொன்னதால், அடுத்துள்ள மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் அழைத்துப்போனோம். மும்பையில் மரநிழலில் சமதரையாக நடக்கக் கிடைக்கும் இடங்கள் சிலவே. சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு காப்பி குடிக்கலாமென்று மாட்டுங்காவின் உணவகங்களை நினைத்தால், ரயில் நிலையத்தருகே பேர்பெற்ற ஒன்று மாடியில் இருக்கிறது. அன்று கிங்ஸ் சர்க்கிள் பக்கம் படியில்லாத கடையைத் தேடிப் போனோம். இடுப்பில் அறுவை செய்தவரோடு நடந்தால்தான், எத்தனை முறை கடந்த தெருவிலும் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது தெரிகிறது.

ஆறாம் வாரத்து எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், பயணத்திற்கு இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். டிசம்பரில் டிக்கெட் எடுத்தோம். தாதர் நிலையம் அருகில் இருக்கிறது. அங்கிருந்தும் திருநெல்வேலிக்கு வண்டி உண்டு. ஆனால் தாதரில் நடைமேடைக்குப் போகப் பாலம் ஏறி இறங்க வேண்டும், ஜனநெருக்கமும் மிகுதி. சிஎஸ்எம்டியோ தண்டவாளம் முடிகிற நிலையம்; பாலமே ஏறாமல் எந்த நடைமேடைக்கும் சமதரையில் போய்ச்சேரலாம். தூரம் கூடினாலும் அங்கிருந்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் செல்வதே மேல் என்று முடிவாயிற்று. நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டுப் பெற்றோம்.

பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோயர் பெர்த் கிடைத்தால் போதுமென்று எண்ண வேண்டாம். மூன்றடுக்குப் பெட்டியில் நடு பெர்த்தை விரித்துவிட்டால் கீழே நிமிர்ந்து உட்கார இயலாது. குனிந்து உட்காருவதே இடுப்புக்குப் பகை. இரண்டடுக்கு ஏசியில் நடு பெர்த் கிடையாது. செலவு அதிகந்தான்; முதியோர் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. பிள்ளைகள் மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். மேற்கத்தியக் கழிவறை எந்தப் பக்கம் என்று ஏறியவுடனே பார்த்து வைத்தோம். ஆடும் வண்டியில் ஊன்றுகோலோடு நடப்பது ஆகாது. இப்போது பயோ டாய்லெட் இருப்பதால் நிலையத்தில் வண்டி நிற்கும்போதே அழைத்துப்போனோம். போர்காட் மலை ஏறியதும் அவர் உறங்கிவிட்டார். பகல் முழுதும் ராய்ச்சூர், குண்டக்கல், கடப்பா என்று வறண்ட நிலம் ஓடிற்று. மணிக்கொருமுறை பேரன் "பாதத்தை ஆட்டுங்க ஆச்சி" என்பான். அவர் "ஹளூ ஹளூ" என்று பதில் சொல்வார். எதிரே இருந்த மராத்திக்காரர் சிரித்தார்.

இத்தகைய பயணத்தில் துணிப்பையைவிட முக்கியமானது காகிதப்பை. பொருத்திய உறுப்பின் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு உறுப்போடும் வரும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2010 ஆகஸ்டில் டெப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் இடுப்பு உறுப்புகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் அவ்வுறுப்பு சுமார் 4,700 அறுவைகளில் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுள் பெரும்பாலோரைப் பின்னர் தேடிக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. நகரம் மாறி, ஊர் மாறி வாழும் நம்மைப் போன்றவர்கள்தானே எளிதில் தொலைந்துபோவோம்? ரேஷன் கார்டும் அப்படியே: மகாராஷ்டிரத்தில் இருந்தால் அங்குள்ள ஜோதிராவ் பூலே திட்டம், தமிழ்நாட்டில் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். கார்டு ஓரிடத்திலும் கட்டில் வேறிடத்திலுமாக இருந்து தவித்தோர் உண்டு. 2024 அக்டோபர் இறுதியிலிருந்து 70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் பாராமல், குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை ஆயுஷ்மான் திட்டத்தில் சிகிச்சை உண்டு. ஆதாரோடு போய் இப்போதே பதிந்து வையுங்கள். விழுந்த பின் வரிசையில் நிற்க வேண்டாம்.

ஊர் வீட்டில் தம்பி மகன் முன்னதாகவே ஒரு மேற்கத்தியக் கழிவறை கட்டி, சுவரில் கைப்பிடியும் பதித்திருந்தான். திண்ணை தாழ்ந்தது என்பதால் அதன்மேல் மரப்பலகை போட்டு உயர்த்தியிருந்தார்கள். அடுத்த வாரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்குள்ள டாக்டர் மும்பை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒட்டுச்சீட்டைத் தம் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். தாயார் அவரிடம் கேட்டது ஒன்றே: தரையில் எப்போது உட்காரலாம்? "நாற்காலி என்ன குறைச்சல், ஆச்சி?" என்றார் டாக்டர்.