பாரணையில்லாப் பட்டினி

சீனன்குடாவிலிருந்து புகையிரதமேறிக் கல்லூரிக்கு வந்த நாட்களிலே, கணிதத்திற் புள்ளி குறைந்தால் எமக்கு யாமே தண்டனை விதித்துக்கொள்வோம்: மதியச் சோறு இல்லை. அதனைத் தவமென்றே எண்ணினோம். இரவிலோ, அன்னையார் துயின்றபின் பானைச் சோற்றை வயிறு நோக உண்டு, விடியுமட்டும் எம்மையே ஏசி, மறுநாளும் பட்டினி கிடப்போம். ஏச்சினாற் பட்டினி, பட்டினியாற் பெருந்தீனி, அதனால் மீண்டும் ஏச்சு. 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆராய்ச்சிக்காக அரைப்பட்டினி கிடந்த 36 இளைஞருட் சிலரும் இவ்வாறே களவாக உண்டு தம்மை நொந்தனரெனப் பிற்காலத்திற் படித்தபோது, எம் பழைய பானையே நினைவில் வந்தது. சிவராத்திரி நோன்பிருந்த அன்னையார் மறுநாட் காலை மகிழ்ந்து பாரணை செய்வார். எமது பட்டினிக்குப் பாரணையே இல்லை. ஒருநாள் வெறும் பானையைக் கண்டும் அவர் ஒன்றுங் கேட்டிலர். அன்று முதல் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக விழுந்தது.