எங்கள் ஜில்லாவின் இரும்பு

1898-இல் கொடைக்கானலில் ஓர் இரும்புத் துண்டு கிடைத்தது. எடை ஏறக்குறைய 16 கிலோ. கொடைக்கானல் அப்போது மதுரை ஜில்லாவுக்குள் இருந்த ஊர். எனவே அதை எங்கள் இரும்பு என்று உரிமை கொண்டாடுவதில் எனக்குக் கூச்சமில்லை. எந்தக் கொல்லனும் உருக்காத இரும்பு அது. விண்கல்.

இரும்புக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். பூமியில் இரும்பு எங்கும் இருக்கிறது, ஆனால் இரும்பாக இல்லை. கஞ்சமலைப் பாறையிலும் சரி, நம் செம்மண்ணிலும் சரி, ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டுதான் கிடக்கிறது. பிரித்தெடுக்க உலையும் கரியும் வேண்டும். தானாகவே உலோகமாகக் கிடைப்பது கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவு மாதிரி வெகு சில இடங்களில்தான்.

விண்ணிலிருந்து வருவது இரும்பும் நிக்கலும் கலந்தே வரும். நிக்கல் குறைவாக உள்ள கலவை கமசைட், கூடுதலாக உள்ளது டேனைட். உலோகக் கலவைதான் என்றாலும் இயற்கை செய்தது என்பதால் இவற்றுக்குக் கனிமம் என்றே கணக்கு. பத்து லட்சம் வருஷத்துக்குச் சில டிகிரி என்ற கதியில்கூட ஆறும் அந்தக் கலவைக்குள் இரண்டும் பிரிந்து பட்டை பட்டையாக வளர்கின்றன. இப்படிப்பட்ட இரும்பை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் ஓலைப்பாய் முடைந்தது போலக் கோடுகள் தெரியும். நம் ஆய்வுக்கூடங்களில் யாருக்கு அவ்வளவு காலம் இருக்கிறது?

இதைத் திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அருவாளுக்குப் பேர்போன ஊர். அறுபதைத் தாண்டியவர், பழைய லாரிப் பட்டையைத் துண்டு போட்டபடியே கேட்டார்.

"வானத்து இரும்புங்கிறீங்க. அதுல அருவா அடிக்கலாமா தம்பி?"

"கத்தியே அடிச்சிருக்காங்கண்ணே."

ஜஹாங்கீர் கதையைச் சொன்னேன். 1621-இல் ஜலந்தர் பக்கம் விழுந்த இரும்பை அவர் உஸ்தாத் தாவூத் என்ற கொல்லரிடம் கொடுத்தார். அது சுத்தியலுக்கு நிற்காமல் நொறுங்கியது. மூன்று பங்கு விண்ணிரும்புக்கு ஒரு பங்கு சாதா இரும்பு சேர்த்த பிறகே வேலைக்கு வந்தது. அதில் அடித்த கத்தி இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"இதுலயும் சிலது அப்படித்தான், சிவக்கச் சிவக்க விண்டு போகும்" என்று பட்டையைத் தட்டிக் காட்டினார். கொஞ்சம் பொறுத்து, "உலைல வச்சா அந்தப் பாய்க்கோடு நிக்குமா?"

"நிக்காதுண்ணே. அழிஞ்சிரும்."

"அப்ப அடிக்கக் கூடாது" என்றார். அருவாள் அடித்தே பிழைத்தவர் வாயிலிருந்து இது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கொடைக்கானல் துண்டு உலைக்குப் போகாமல் தப்பியது. அதனால்தான் அதன் உள்ளே இரும்போடு சிலிக்கேட் மணிகளும் உறைந்து கிடப்பதை வியன்னாவின் பெர்வெர்த் 1906-இல் விவரிக்க முடிந்தது. இரும்புக்கு வயது சொல்வது கஷ்டம், அந்தக் கல்மணிகளுக்குச் சொல்லலாம். 1967-இல் பர்னெட்டும் வாசர்பர்க்கும் கலிபோர்னியாவில் அளந்தார்கள். 380 கோடி ஆண்டு என்று வந்தது. சூரியக் குடும்பத்துக்கோ வயது 456 கோடி. விண்கற்கள் பெரும்பாலும் ஆதியிலேயே உருவானவை. இது மட்டும் எழுபத்தைந்து கோடி ஆண்டு பிந்தி எப்படி உருகியது? ஏதோ ஒரு சிறுகோளை இன்னொன்று மோதி, கல்லையும் உலோகத்தையும் மறுபடி உருக்கிக் கலக்கியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். விவாதம் இன்னும் முடியவில்லை.

நாம் கொடைக்கானல் போனால் யூகலிப்டஸ் எண்ணெயும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு மலை இறங்குகிறோம். விண்கல் ஆராய்பவர்களுக்குக் கொடைக்கானல் என்றால் அந்த 16 கிலோதான், கிடைத்த ஊரின் பெயரையே விண்கல்லுக்கு வைப்பது அவர்கள் வழக்கம்.

பட்டறைக்காரரிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் உண்டு. வயது பார்க்க அந்த மணிகளை அமிலத்தில் கரைக்க வேண்டும். கரைத்தது திரும்பி வராது.