வஜ்ரவல்லியும் ஒரு குவளைப் பாலும்

பிரதோஷ மாலை. கும்பகோணத்தில் மழை ஓய்ந்த நேரம். பிராகாரத்து ஈரக் கல்லில் கால் வழுக்கி விழுந்தார் அந்த அம்மையார். வயது 72. ஊன்றிய வலக்கை மணிக்கட்டில் முறிந்தது. முறிவு சில வாரங்களில் கூடிவிட்டது. எலும்பின் அடர்த்தியை அளந்த பரிசோதனை சொன்ன செய்திதான் மனத்தை அறுத்தது. எலும்பு மெலிந்துவிட்டதாம், மறுமுறை விழுந்தால் இடுப்பு தாங்காதாம். அம்பாள் சந்நிதியின் ஐந்து படிகளை இனி ஏற முடியுமா என்பதே அவருடைய கவலை.

வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தார். பிரண்டைப் பொடியை அம்மையார் தாமே வரவழைத்துக்கொண்டார். பிரண்டை அவருக்குப் புதியதன்று. சிராத்தச் சமையலில் பாகல் நூறு காய்க்கும், பிரண்டை முந்நூறுக்கும், பலா அறுநூறுக்கும் ஈடு என்று மாமியார் சொல்லிக் கேட்டவர். வடமொழியில் அதற்கு வஜ்ரவல்லி என்று பெயர். கணுக்கணுவாய் எலும்பைக் கோத்தாற்போன்ற அந்தத் தண்டைப் பார்த்தவர்க்கு நம்பிக்கை பிறப்பது இயல்புதானே!

திங்கள்தோறும் விடியலில், பொடி கலந்த ஒரு குவளைப் பாலோடு மாத்திரையையும் விழுங்கிவந்தார். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன் என்பது அவர் எண்ணம். இரண்டாண்டு கழித்து மீண்டும் அளந்தார்கள். எண் சிறிதும் ஏறவில்லை.

"மாத்திரையை எதோடு விழுங்கறீங்க, பாட்டி?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து அம்மருந்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் நீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். அரைமணி நேரமாவது உண்ணாமலும் படுக்காமலும் இருக்க வேண்டும். முதல் நாளே சொன்னதுதான். கைவலியில் அது காதில் ஏறவில்லை. இரண்டு வருடம் பாலோடு போயிற்றே என்று அம்மையார் அங்கேயே கண்கலங்கினார்.

பிரண்டையை விட்டுவிடும்படி மருத்துவர் சொல்லவில்லை. மனிதரிடம் அதைச் சோதித்த ஆய்வுகள் சிலவே, சிறியவையே; ஆகவே மருந்தின் இடத்தில் அதை வைக்கலாகாது, உணவாக உண்ணலாம் என்றார். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தில் ஒரு பகுதி ஊசி போன்ற படிகங்களாக இருக்கிறது. நாக்கை அரிப்பதும் அதுவே, உடலில் எளிதில் சேராததும் அதுவே. அம்மையாரின் வயதில் நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. பாலும் தயிரும் எள்ளும் முருங்கைக்கீரையும் உடன் சேர வேண்டும். அந்தச் சத்தை உடல் ஏற்க வெயிலும் வேண்டும்.

இப்போது துவையல் அரைப்பவர் கணவர். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளந்தண்டாகப் பார்த்து நாரை உரித்து, அதே எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைக்கிறார். புளியில் அவர் கை சற்றே தாராளம். அம்மையார் குறை சொல்வதில்லை.

திங்கட்கிழமைகளில் மாத்திரையை நீரோடு விழுங்கிவிட்டு, பூஜையறையில் நிமிர்ந்து உட்கார்ந்து லலிதா சகஸ்ரநாமம் தொடங்குகிறார். ஆயிரம் நாமமும் முடிய அரைமணிக்குமேல் ஆகிறது. அதுவரை சமையலறையில் பால் மூடியே இருக்கிறது.