காருக்கு எத்தனை ஆயுள்?

பெங்களூரில் உபாத்தியாயர் வேலையை விட்டு மயிலாப்பூருக்குக் குடிபெயர்ந்தோம். அம்மி, பீரோ, மூன்று மூட்டைப் புஸ்தகம் எல்லாம் ஓசூரை நிம்மதியாகத் தாண்டி வந்தன. நம் பழைய காருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை!

12 மாதத்துக்கு மேல் வேறு மாகாணத்தில் தங்கும் வண்டி அங்கே புது நம்பர் பெறவேண்டும் என்பது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். பழைய ஊர் ஆபீஸார் ஆட்சேபணை இல்லை என்று பத்திரம் தரவேண்டும். திருட்டு வண்டி ஊர் மாறித் தப்பக் கூடாதல்லவா? நியாயந்தான். வரி விஷயந்தான் விபரீதம். கர்நாடகத்தில் 'ஆயுள் வரி' கட்டியாயிற்று, வண்டியும் சாகவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் அதன் வயசைக் கணக்கிட்டு மறுபடியும் ஆயுள் வரி! அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், வாஸ்தவம். இங்கே பதிவானதற்கு அத்தாட்சி காட்டிய பிறகுதான். இரண்டு மாதச் சம்பளத்தை இங்கே கொடுத்துவிட்டு அங்கே மனுப் போட்டோம். ஒன்பது மாதமாகப் பதில் இல்லை.

நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து தருவித்த ரோல்ஸ் ராய்ஸ் கார்கூட, சுங்க வரிக்குப் பின் நுழைவு வரிக்காகச் சென்னை ஹைகோர்ட்டு ஏறிற்று. அவருக்கு வக்கீல் உண்டு.

2021-ல் 'பாரத்' வரிசை நம்பர் வந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கும், நான்கு மாகாணங்களில் ஆபீஸ் உள்ள கம்பெனிச் சிப்பந்திகளுக்கும் அது கிடைக்கும். நம் எஜமானர்களுக்கோ இருப்பது ஒரே பள்ளிக்கூடம்.