பின்னோக்கியே உட்காரட்டும் பிள்ளை

பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியதும் கார் இருக்கையை முன்பக்கம் திருப்பிவிடத் துடிக்கும் பெற்றோர் நிறைய பேர். பிள்ளை வேடிக்கை பார்க்கணுமாம். கால் வேறு மடங்குகிறதாம்.

கால் மடங்கினால் ஒன்றும் ஆகாது. கழுத்துதான் விஷயம்.

கைக்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. வண்டி நேருக்கு நேர் மோதினால், முன்னோக்கி உட்கார்ந்த பிள்ளையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் பாயும். அத்தனை இழுப்பும் கழுத்தில். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையே சேர்த்துத் தாங்கிவிடும்.

சுவீடனில் இது பழைய செய்தி. ஜெமினி விண்கல வீரர்கள் மல்லாந்து படுத்து விசையைத் தாங்கும் முறையிலிருந்துதான் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மனுக்கு இந்த யோசனை பிறந்தது. 1964இல் முதல் மாதிரி இருக்கை வந்தது. இன்று அங்கே நான்கு வயதுவரை பின்னோக்கி உட்காருவது சாதாரணம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமோ 2018இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டது: அந்த இருக்கைக்குரிய எடை, உயர வரம்பை எட்டும்வரை திருப்ப வேண்டாம் என்கிறது.

பின்னோக்கி உட்கார்ந்தாலும் வார் இறுக்கமாக இருக்கணும். தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பாகக் கையில் வந்தால் தளர்வு என்று அர்த்தம், இன்னும் இழுக்கணும்.

காற்றுப்பை இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கி இருக்கையை வைக்கவே கூடாது. விரியும் பை இருக்கையின் முதுகில் அறையும். பிள்ளை உயிருக்கே ஆபத்து.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் பார்த்து உட்காருது? திருப்ப அவசரப்படாதீங்க.