எந்த கிதார் வாங்கலாம்?

"ஆத்தா, எனக்கு பேஸ் கிதார் வேணும்" என்றான் கல்லூரியில் சேர்ந்த என் மகன். "வீணைக்குப் பேர்போன காரைக்குடியில இதென்னப்பா புதுசா?" என்றார்கள் மாமியார். நாலே தடித்த கம்பிகள். சாதாரண கிதாரைவிடத் தாழ்ந்த ஸ்தாயி. இளையராஜா பாட்டுக்கு அடியில் கும்மென்று ஓடுமே, அதுதான்!

கையில் இருந்தது சீட்டெடுத்த 40,000 ரூபாய். பிள்ளை ஆசைப்பட்டதோ அமெரிக்காவில் செய்த ஃபெண்டர். விலை லட்சத்துக்கு மேல்! 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' கிதாரைக் கொண்டுவந்த கம்பெனி அது. அவர்களுடைய சிக்கன வகையான ஸ்குயர், 30,000-க்குள்ளேயே கிடைக்கிறது.

சென்னைக் கடையில் இரண்டையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டிலும் கம்பி நீளம் 34 அங்குலம்தான். உசத்தியானதில் நாதம் இன்னும் தெளிவு. முறுக்காணிகள் வழுக்காமல் நின்றன. சிக்கன வகையில் கழுத்தோரம் விரலை ஓட்டினால் மெட்டுகளின் நுனி உரசியது. "இதே விலையில இன்னொண்ணு எடுங்க தம்பி" என்றேன். அது வழவழவென்று இருந்தது! கத்தரிக்காய் பொறுக்குகிற கைக்கு இது தெரியாதா? கம்பிகள் கொஞ்சம் உயரமாக இருந்தன. கடைக்காரரே இறக்கிக் கொடுத்தார்; விரல் வலி மிச்சம்.

மீதிப் பணத்தில் சின்ன ஆம்ப்ளிஃபயரும் ஹெட்ஃபோனும் வாங்கினோம். ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் பேஸ் கிதார் சத்தமே எழும்பாது; ஹெட்ஃபோன் இல்லாவிட்டால் வீட்டில் யாரும் தூங்க முடியாது!

சகோதரிகளே, கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு விலையைவிட விரலுக்கு இதமான வாத்தியமே முக்கியம். மிச்சம் பிடித்ததை வாத்தியார் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கை தேர்ந்தபின் உசத்தியானதை அவனே சம்பாதித்து வாங்கட்டுமே!